நாலு பக்கமும் கிளியர்

கிளியர் என்ற சொல்லை யார் சொன்னாலும் நான் இன்றும் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். செக் கிளியர் ஆகிவிட்டது என்று வங்கி எழுத்தர் சொன்னாலும், எல்லாப் பாடத்தையும் கிளியர் பண்ணிவிட்டேன் என்று மகள் போனில் சொன்னாலும், என் வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். பையில் மூக்குக் கண்ணாடிதான் இருக்கும். முன்பு அந்த இடத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி இருந்தது. அதை மின்சாரம் பாய்ச்சும் பெட்டியில் செருகித் திருகினால் பாறை வெடிக்கும்.

அரியலூரை அடுத்த சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் பிளாஸ்டராக இருந்தேன். பாறையில் போட்ட துளைகளில் வெடிமருந்து இறக்கி, மின்கம்பி இணைத்து, வெடிக்கச் செய்பவருக்கு அந்தப் பெயர். சென்ற ஆண்டு, 2006இல், ஐம்பது நிறைவதற்குள் விருப்ப ஓய்வு பெற்றேன். காது மந்தமாகிக்கொண்டு வந்தது. எங்கள் வேலையில் கண்ணைவிடக் காது பெரிது. அது ஏன் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். இப்போது சுரங்கத்தில் காவல் நிற்கும் ஆளுக்கெல்லாம் வயர்லெஸ் கொடுத்துவிட்டார்கள். யாரும் கத்துவதில்லை. அதனாலும் எழுதத் தோன்றியது.

நான் தொழில் பழகிய கதை சிறியது. சொந்த ஊர் பெரம்பலூர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிணறு தோண்டும் கம்ப்ரசர் வண்டியோடு போனேன். பிறகு சுரங்கத்தில் துளை போடும் எந்திரத்துக்கு உதவியாள். அதன் பிறகு மேட், ஆட்களை மேற்பார்க்கும் வேலை. 1995இல் பிளாஸ்டர் சான்றிதழ் வந்தது. அன்றிலிருந்து, ஒவ்வொரு வெடிக்கும் முன்பு காற்று எந்தப் பக்கம், வானம் எப்படி, யார் எந்த இடத்தில் காவல் என்று டைரியில் எழுதி வந்தேன். மற்றவர்கள் கேலி செய்தார்கள். பயம் உள்ளவனுக்கு எழுதி வைப்பது ஒரு பிடிமானம்.

சுரங்கத்தில் எனக்கு மேலே இருந்தவர் ஃபோர்மன் சவரிமுத்து. வரதராஜன்பேட்டைக்காரர். குரலை உயர்த்தியே பேசமாட்டார். ஆனால் வெடி வைக்கும் நேரத்தில் மற்றவர்கள் குரல் உயர்ந்தே ஆகவேண்டும்.

நடைமுறை இதுதான். முதல் சங்கு ஊதியதும் குழிக்குள் இருப்பவர்கள் எல்லாரும் வெளியேற வேண்டும். நான்கு திசையிலும் சிவப்புக் கொடியோடு காவல் ஆட்கள் நிற்பார்கள். வடக்கே லாரிப் பாதை, மேற்கே அலுவலகம் போகும் வழி, தெற்கே பம்பு செட், கிழக்கே வேலிக்கருவையும் மேய்ச்சல் நிலமும். தன் பக்கத்தில் ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவரும் கத்த வேண்டும். வெறும் கிளியர் போதாது, பெயரும் வேண்டும் என்பது ஃபோர்மன் வைத்த வழக்கம். “வடக்கு கிளியர்! மாணிக்கம்!” என்று முதல் குரல் வரும். பிறகு மேற்கு, தெற்கு. கடைசியாகக் கிழக்கிலிருந்து கலியன்.

வெடிக்கும்போது நாங்கள் ஒதுங்கும் மறைவிடத்துக்கு வெளியே ஃபோர்மன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நாலாவது குரலும் வந்த பிறகு உடனே உத்தரவு தரமாட்டார். உதடு மட்டும் அசையும். மாதாவை நோக்கிச் சொல்லும் மங்கள வார்த்தை செபம் ஒன்றை முழுதாக மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்து, “வைங்க தம்பி” என்பார். நான் கைப்பிடியைச் செருகித் திருகுவேன்.

இந்தத் தாமதத்தைப் பற்றி டீக்கடையில் பேச்சு ஓடும்.

“மாதா சரின்னு சொன்னாத்தான் நம்ம ஊட்டு வேட்டு வெடிக்கும்ணே,” என்றான் கலியன் ஒரு நாள், ஃபோர்மன் பின்னால் நிற்பது தெரியாமல்.

“மாதாகிட்ட நான் ஒன்னும் கேக்கலடா,” என்றார் அவர் நிதானமாக. “நீ கத்தி முடிச்ச பொறவு என்ன கேக்குதுன்னு பாக்கறேன். கத்தறப்ப ஒன்னும் கேக்காது பாரு.”

கலியன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மற்றவர்கள் அன்று முழுக்க அவனை ஓட்டினார்கள்.

அந்தச் சொல் எங்களிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி வைத்தால் கிளியர். மச்சினிக்குக் குழந்தை பிறந்தால் கிளியர். மாணிக்கத்தின் தம்பிக்குத் தாலி கட்டும்போது பின்னால் இருந்து ஒருவன் “கிளியர்!” என்று கத்த, மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். இப்படி நாள் முழுக்க வாயில் புரளும் சொல்லை, ஆள் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்திலும் அதே வாயால் சொன்னோம். எனக்கு அதில் ஒரு பயம் இருந்தது.

கிழக்குப் பக்கத்தில் அஞ்சலை ஆடு மேய்ப்பாள். சுரங்கத்தை ஒட்டிய ஊர்க்காரி, நாற்பதை ஒட்டிய வயது. வேலை முடிந்து விட்டுவிட்ட பழைய குழிகளில் மழைக்குப் பிறகு நல்ல புல் வளரும். அவை நாங்கள் வெடி வைக்கும் பாறையின் அடிவரை நீண்டிருந்தன. உள்ளே மேய்க்கக் கூடாது என்றுதான் விதி. அவளைத் தடுக்க யாராலும் முடியவில்லை. அவள் குரல் அப்படி.

அவளுடைய மந்தைக்கு முன்னால் போகும் கிழட்டுப் பெட்டை ஆட்டுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். முதல் சங்கு ஊதியதும் மேனேஜர் தலையைத் தூக்கும். மேய்வதை விட்டுவிட்டுக் கிழக்குக் கரையை நோக்கி நடக்கும். மற்ற ஆடுகள் பின்னால் போகும். யாரும் ஓட்ட வேண்டியதில்லை. கடைசி ஆட்டுக்குப் பின்னால் அஞ்சலை வருவாள். கரை ஏறும்போதே கலியனை ஒரு பாட்டம் திட்டுவாள்.

“கொடியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறியே, கல்யாண ஊர்வலமா போவுது? எறங்கி ஆட்டத் தூக்கி உடுய்யா!”

அது மறைவிடத்தில் நிற்கும் எங்களுக்கும் கேட்கும். என்னைப் பார்க்கும்போது, “என்ன கிளியரு சாரு, ஒங்க மேனேசரு எத்தன மணிக்கு வந்தாரு? எம் மேனேசரு சங்கு ஊதுன ஒடனே கெளம்பிரும்” என்பாள்.

ஆடு வெளியே வந்துவிட்டால் அஞ்சலையும் வந்துவிட்டாள் என்பது எங்கள் கணக்கு. அதை யாரும் தீர்மானம் போட்டு வைக்கவில்லை. நாளாக நாளாக அப்படி ஆகிவிட்டது.

1998 ஐப்பசியில் ஒரு பிற்பகல். ஏலாக்குறிச்சியில் உறவினர் ஒருவர் இறந்துவிட்டதால் சவரிமுத்து வரவில்லை. அவர் இடத்தில் உதவி மேலாளர் நின்றார். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன இளைஞர், நல்லவர், விதி தெரிந்தவர். காலையில் வானம் தெளிவாக இருந்தது. துளைகள் எல்லாவற்றிலும் மருந்து இறக்கி, மண் இட்டு மூடி, கம்பிகளை இணைத்து முடிக்கும் நேரத்தில் கங்கைகொண்ட சோழபுரம் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்தது. முதல் இடி வெகு தூரத்தில் கேட்டது.

அன்று மருந்தை வெடிக்கச் செய்ய நாங்கள் பயன்படுத்தியது மின்சார டெட்டனேட்டர். அதற்கு நம்முடைய பெட்டியிலிருந்து வரும் மின்சாரமும் ஒன்றுதான், வானத்திலிருந்து வரும் மின்சாரமும் ஒன்றுதான். மின்னல் பக்கத்தில் இறங்கினால் யாரும் தொடாமலே வெடித்துவிடும். இடி நெருங்கினால் எல்லாரையும் வெளியேற்றிவிட வேண்டும். தயாராக இருந்தால் முன்கூட்டியே வெடித்துவிட வேண்டும். உதவி மேலாளர் அவசரப்பட்டதில் தவறே இல்லை. சங்கை ஊதச் சொன்னார்.

வடக்கு வந்தது. மேற்கு வந்தது. தெற்கு வந்தது. கரையில் மேனேஜர் ஏறுவதை நானே பார்த்தேன். பின்னால் வரிசையாக ஆடுகள்.

“கிழக்கு கிளியர்! கலியன்!”

கைப்பிடியைச் செருகிவிட்டேன். உதவி மேலாளர் “வைங்க” என்றார். என் கை திருகவில்லை. பழக்கத்தால் நின்றேன். எனக்கு அந்தச் செபம் தெரியாது. அது முடிய ஆகும் நேரம் மட்டும் உடம்புக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் எதுவும் கேட்கவில்லை. காற்று நின்றிருந்தது. ஓர் ஆடு கத்தியது. கலியனை யாரும் திட்டவில்லை.

“கணேசன், நாலும் வந்தாச்சு. இடி கிட்ட வருது. ஏன் நிக்கிறீங்க?”

“அஞ்சலை சத்தம் கேக்கல சார்.”

“யாரு அது?”

“ஆட்டுக்காரம்மா சார்.”

“ஆடுதான் வெளிய நிக்குதே!”

“ஆடு நிக்குது சார்.”

கைப்பிடியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன். வெளியே வந்து கிழக்கே பார்த்துக் கத்தினேன். “கலியா! அஞ்சலை எங்க?”

“ஆடெல்லாம் வந்துருச்சுண்ணே! மேனேஜர் முன்னாலயே வந்துருச்சு!”

“ஆட்டக் கேக்கலடா! ஆளு எங்க?”

தூரத்தில் அவன் கொடி மெல்லத் தாழ்வது தெரிந்தது.

“இந்த இடியில உள்ள யாரும் போகக் கூடாது,” என்றார் உதவி மேலாளர். அதுதான் விதி. அவர் முகம் வெளுத்திருந்தது. பிறகு மறைவிடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, “சீக்கிரம் வந்துருங்க. மத்த மூனு பக்கமும் இன்னும் பின்னால போகச் சொல்றேன்” என்றார்.

கம்பியின் இரு முனைகளையும் பெட்டியிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று முறுக்கினேன். நம் பக்கத்து மின்சாரத்துக்கு அது பாதுகாப்பு. மேலே இருப்பதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

குழிக்குள் இறங்கினேன். நான் கையால் நிரப்பிய துளைகள் தலைக்கு மேலே இருந்த பாறை விளிம்பில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு துளையிலிருந்தும் மெல்லிய கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அன்று காலை அதே கம்பிகளை விரலால் நீவி நேராக்கியவன் நான். இப்போது அவற்றைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். வானம் ஒருமுறை வெளுத்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன். இடி வந்து, போனது. நான் இருந்தேன். மறுபடி ஓடினேன்.

அஞ்சலை பாறையின் அடியிலேயே இருந்தாள். வெடித்தால் மொத்தக் கல்லும் சரிகிற இடம். ஒரு சின்னப் பெட்டை ஆடு படுத்துக்கிடந்தது. அதன் பின்னால் மண்டியிட்டிருந்தாள். கை மணிக்கட்டு வரை உள்ளே இருந்தது.

“சத்தம் போடாத சாரு. மெரண்டுரும்,” என்றாள் திரும்பாமலே.

“எந்திரிம்மா. இடி வருது. மேல மருந்து இருக்கு.”

“தலை திரும்பிக் கெடக்கு. இப்ப உட்டா தாயும் போயிரும்.”

“சங்கு கேக்கலியா ஒனக்கு?”

“கேட்டுச்சு. நீ பாக்காம வைக்க மாட்டியே.”

கலியன் ஆட்டை நம்பினான். நான் கலியனை நம்பிக் கைப்பிடியைச் செருகினேன். இவள் என்னை நம்பிப் பாறைக்கு அடியில் மண்டியிட்டிருக்கிறாள். பார்த்தது யார்?

“நான் நிறுத்திட்டேன்மா. மேல இருக்கறவன் நிறுத்துவானா? மின்னல் எறங்குனா தானா வெடிக்கும்.”

அப்போதுதான் அவள் தலையைத் தூக்கி மேலே தொங்கும் கம்பிகளைப் பார்த்தாள். இத்தனை வருடமாக அதன் கீழே மேய்த்தவள் அப்போதுதான் அதைப் பார்ப்பது போல இருந்தது. கையை எடுத்தாள். “தூக்கு,” என்றாள்.

நான் முன்னங்கால்களைப் பிடித்தேன், அவள் பின்பக்கத்தை. ஆடு அலறியது. பாதிச் சரிவில் என் மூச்சு அடைத்தது. அதற்குள் கலியன் கொடியை எறிந்துவிட்டு ஓடி வந்தான். அவன் வந்திருக்கக் கூடாது. ஆட்டை என் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். மூன்று பேரும் கரை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வேலிக்கருவைப் புதர்களைத் தாண்டி ஓடினோம். மேனேஜரும் மற்ற ஆடுகளும் எங்களுக்கு முன்னால் ஓடின.

வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. காலடியில் நிலம் ஒருமுறை மேலே எழும்பி இறங்கியது. இடியின் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் இருந்தது. அது மருந்து வெடிக்கும் சத்தம், எனக்கு நன்றாகத் தெரியும். குப்புற விழுந்தோம். கல் துண்டுகள் புதரைக் கிழித்துக்கொண்டு போயின. பிறகு புழுதி எங்களை மூடியது. சட்டைப்பைக்குக் கை போனது. கைப்பிடி அங்கேயே இருந்தது.

உதவி மேலாளர் சுற்றுப் பாதையில் ஓடி வந்து, எங்கள் ஒவ்வொருவர் தோளையும் தொட்டுப் பார்த்தார். பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். குட்டி செத்துப் பிறந்தது. தாய் பிழைத்தது. அஞ்சலை அதன் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டே, “நாங்க வெளிய வந்த பொறவுதான் வச்சிருக்கீங்க, பாத்தியா?” என்றாள்.

“யாரும் வைக்கலம்மா. மின்னல் வச்சது.”

அவள் என்னை நம்பவில்லை. இன்று வரை நம்பவில்லை.

சவரிமுத்து மறுநாள் வந்தார். விசாரணை எல்லாம் நடந்தது, அதை விட்டுவிடுகிறேன். அவர் கலியனை அவன் நின்ற இடத்துக்கே கூட்டிப்போனார். நானும் போனேன்.

“நேத்து இங்கேருந்து என்னத்தப் பாத்த?”

“ஆட்ட சார்.”

“என்னன்னு கத்துன?”

“கிளியர்னு.”

“சரி. ஆடு கிளியர். அஞ்சலைக்கு யாரு கத்துறது?”

கலியன் அழுதுவிட்டான். அன்றிலிருந்து வழக்கம் மாறியது. மேய்ச்சல்காரரோ, விறகு பொறுக்குகிறவரோ, குழிப் பக்கம் வந்த ஒவ்வொருவரும் வெளியே வந்து தன் வாயால் தன் பெயரைக் கத்த வேண்டும். அவர்கள் கத்திய பிறகுதான் காவல் ஆள் கத்தலாம். கிழக்கிலிருந்து முதலில் “அஞ்சல கிளியரு!” என்று வரும். அதற்குப் பிறகுதான் கலியன். ஃபோர்மனின் செபம் அப்படியே நீடித்தது. டீக்கடையில் அதைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை.

அந்தச் சொல் மட்டும் என்னை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியலூர் நூலகத்தில் கனமான ஆங்கில அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெளிவான, தடையில்லாத, ஐயமில்லாத என்று பொருள்கள் பத்தி பத்தியாகப் போயின. எல்லாம் கண்ணால் பார்க்கிற சங்கதிகள். கடைசியில் சொல்லின் பிறப்பு இருந்தது. லத்தீனில் கிளாரஸ், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீனில் அது வெளிச்சத்துக்கு மட்டும் உரியதல்ல. உரத்துக் கணீரென்று கேட்கும் குரலுக்கும் அதுவே பெயர். அதற்கும் முந்திய வேர், கூவி அழைப்பது என்ற பொருளுடையதாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்களாம். கல்யாண பேண்டில் வாசிக்கும் கிளாரினெட்டும், ஊரறிய அறிவிப்பதைச் சொல்லும் டிக்ளேரும் அதே குடும்பம்.

நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் இல்லை என்று சொல்லவே அந்தச் சொல்லை நாங்கள் பயன்படுத்திவந்தோம். அதன் வேரிலோ ஓர் ஆள் நின்று கூவிக்கொண்டிருந்தார். இங்கே இருக்கிறேன் என்று உரக்கச் சொல்லும் குரல் கேட்டால்தான் மற்ற இடம் வெறுமையானது என்று நம்பலாம். அஞ்சலையின் திட்டு கேட்கவில்லை என்றதும் என் கை நின்றது இதனால்தானோ என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள், அன்று அந்தச் செபத்தின் நேரத்துக்கு நிற்காமல் திருகியிருந்தால் என்ற எண்ணம் வந்தது. அகராதியை மூடிவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

சவரிமுத்து ஓய்வு பெற்றார். மின்சார டெட்டனேட்டர் போய், மின்னலுக்கு அவ்வளவு எளிதில் வெடிக்காத வகை வந்தது. வேலி வந்தது. வயர்லெஸ் வந்தது. அஞ்சலை வேலிக்கு வெளியே மேய்க்க ஆரம்பித்தாள். ஆனாலும் சங்கு ஊதினால் வெளியிலிருந்தே கத்துவாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் நிறுத்தவில்லை. நான் இருந்தவரை அந்தக் குரலுக்குப் பிறகுதான் கைவைத்தேன். கடைசி வருடத்தில் ஒரு நாள் அது எனக்கு மங்கலாகக் கேட்டது. அன்றே ஓய்வுக்கு விண்ணப்பம் எழுதினேன்.

போன மாதம் ஒரு சான்றிதழ் வாங்க சுரங்க அலுவலகம் போயிருந்தேன். வாசலில் நிற்கும்போது சங்கு ஊதியது. காவலாளியின் கையிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. நாலு பக்கமும் கிளியர் என்று மாறி மாறிச் சொன்னார்கள். நான் கிழக்கே காதைத் திருப்பிக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. வெடி அதிர்ந்தது.

வேலி இருக்கிறது, அவள் உள்ளே போக முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேலியில் ஓட்டை இருக்காதா? ஆடு போகிற இடத்துக்கு அவள் போகமாட்டாளா? காவலாளியிடம் சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு சுற்றுப் பாதையில் மிதித்தேன். புழுதி இன்னும் அடங்கவில்லை.

வேலிக்கு வெளியே, வேப்ப மர நிழலில் அஞ்சலை உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். ஆடுகள் அசை போட்டபடி சுற்றிப் படுத்திருந்தன.

“என்ன கிளியரு சாரு, ஓட்டமா வர்ற?”

“ஏம்மா, சங்குக்கு நீ கத்தலியா?”

“தொண்ட கிழியக் கத்துனேனே! ஊருக்கே கேட்டுருக்கும்.”

நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். அவள் கத்தியிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. அந்தக் கைப்பிடி இன்னும் என் பையில் இருந்திருந்தால் என்று எண்ணியதும் கை சட்டைப்பைக்குப் போனது.

என் முகத்தைப் பார்த்து அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். வெற்றிலையை மடியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, வாயை என் காதருகே கொண்டுவந்து, முழு மூச்சையும் சேர்த்துக் கத்தினாள்.

“அஞ்சல கிளியரு!”

நிழலில் படுத்திருந்த ஆடுகள் எல்லாம், சங்கு ஊதியதுபோல எழுந்து, கிழக்கே பார்த்து நடக்க ஆரம்பித்தன.